ஏற்காட்டு ஷெட்டில் நிற்கும் பழைய வண்டியை விற்பது எப்படி? புக்கிலிருந்து டெலிவரி நோட் வரை

அப்பா நாகலூர் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் ரைட்டராக இருந்தார். அவரிடம் 1981 மாடல் ராஜ்தூத் 175 ஒன்று இருந்தது. தார் போடாத தோட்டப் பாதையில், மழைக்காலச் சேற்றில், பின்னால் ஒரு மூட்டையும் சில சமயம் அதன்மேல் நானுமாக இருபது வருடத்துக்கு மேல் ஓடிய வண்டி. அவர் போன பிறகு ஆறு வருடம் தார்ப்பாய்க்குள் கிடந்தது. ஒரு நாள் பாயைத் தூக்கிப் பார்த்தால் சீட்டுக்குள் எலி குட்டி போட்டிருந்தது. அன்றைக்குத்தான் விற்றுவிடுவது என்று முடிவெடுத்தேன். அதற்கும் வண்டி குட்டி யானையில் ஏறிப் போனதற்கும் நடுவில் ஒன்பது மாதம். அதில் ஏழு மாதம் காகிதத்துக்கே போனது.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் இப்படி ஷெட்டில் நிற்கும் வண்டிகள் இன்னும் நிறைய இருக்கின்றன. வாரத்துக்கு ஒருவராவது கீழேயிருந்து வந்து "பழைய வண்டி ஏதாவது இருக்குங்களா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார். அவசரப்பட்டு அவரிடம் கொடுத்துவிடுகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். என் கணக்கில் இந்த மாதிரி வண்டியில் இரும்புக்குப் பாதி விலை, ஆர்.சி. புக்குக்குப் பாதி விலை. பெயிண்டுக்கு ஒரு ரூபாயும் இல்லை.

உங்களிடம் நிற்பது என்ன வண்டி?

வெளிநாடுகளில் காட்டுப் பாதைக்கென்றே சின்ன வண்டிகள் 1960களிலேயே வந்துவிட்டன. ஹோண்டாவின் சி.டி. 90 வெறும் 89 சிசி. யமஹா 1968-ல் கொண்டுவந்த டி.டி. 1 இந்த வகைக்கே ஒரு பெயர் வாங்கிக் கொடுத்தது. உயரமான உடல், மேலே தூக்கிக் கட்டிய சைலன்சர், கட்டை கட்டையாகப் பிடிப்புள்ள டயர். நம் ஊரில் அந்த ஜாதி வண்டி கம்பெனியிலிருந்தே நேராக வந்தது என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது 2011-ல் வந்த ஹீரோ இம்பல்ஸ்தான். அதுவரை மலைக்காரர்கள் ரோட்டு வண்டியை வாங்கித் தாங்களே காட்டு வண்டியாக்கிக் கொண்டார்கள். பின்சக்கரத்தில் பல் அதிகமுள்ள ஸ்ப்ராக்கெட் போட்டால் வேகம் குறையும், இழுவை கூடும். மூட்டை கட்ட கேரியர், சேறு அடைக்காமலிருக்க மட்கார்டைத் தூக்கி வைப்பது, அடிப்பக்கம் கல் அடிக்காமலிருக்க ஒரு தகடு. எங்கள் வண்டியில் அந்தத் தகடு ஒரு பழைய எண்ணெய் டின்னை விரித்து அடித்தது.

ராஜ்தூத் 175 போலந்து நாட்டின் எஸ்.ஹெச்.எல். எம்-11 வண்டியை வைத்து எஸ்கார்ட்ஸ் 1962-லிருந்து செய்தது. 173 சிசி, டூ ஸ்ட்ரோக், மூன்றே கியர். ஜாவாவும் யெஸ்டியும் மைசூர் ஐடியல் ஜாவா தொழிற்சாலையில் பிறந்தவை. 1996-ல் அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது. யமஹாவின் ஆர்.எக்ஸ். 100 1985-லிருந்து 1996 வரை வந்தது, 98 சிசிதான், ஆனால் இன்றைக்கு இந்தக் கூட்டத்திலேயே அதிகக் கிராக்கி அதற்குத்தான். என்ஃபீல்டு ஃப்யூரி யாரிடமாவது இருந்தால் அவர் இந்தக் கட்டுரையை விட்டுவிட்டு முதலில் ஷெட்டுக்கு நல்ல பூட்டுப் போடட்டும். 163 சிசி, ஐந்து கியர், முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக், எண்ணிக்கையிலும் குறைவு.

வெளிநாட்டிலிருந்து வந்த ஜப்பான் வண்டி என்றால் சுங்கத்தில் தீர்வை கட்டிய காகிதம் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் விவரம் தெரிந்தவர் வாங்கமாட்டார்.

"வின்டேஜ்" என்ற சொல்லைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். விளம்பரத்தில் யாரும் எதையும் வின்டேஜ் என்று எழுதலாம். சட்டத்தில் அதற்கு அளவு உண்டு. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்த்தபடி, முதல் பதிவு ஆகி 50 வருடம் தாண்டிய, பெரிய மாற்றம் செய்யாமல் பழைய உருவத்திலேயே வைத்திருக்கும் வண்டிதான் வின்டேஜ். அப்படிப் பதிய 20,000 ரூபாய், பத்து வருடத்துக்குச் செல்லும், எண்ணில் "வி.ஏ." என்ற எழுத்துகள் வரும். ஆனால் அந்த வண்டியை அன்றாடம் ஓட்டக்கூடாது. கண்காட்சி, ராலி, ஆராய்ச்சி, அவற்றுக்காகப் பெட்ரோல் போடவும் பராமரிக்கவும் போய்வருவது, அவ்வளவுதான். விற்கப் போகிறவர் இதில் இறங்க வேண்டாம் என்பது என் கருத்து. வாங்குகிறவருக்கு ஆசை இருந்தால் அவர் செலவில் மாற்றிக்கொள்ளட்டும். எங்கள் வண்டிக்கு 50 வயதே ஆகவில்லை, அதனால் அந்தப் பேச்சே எழவில்லை.

முதல் வேலை: புக்

ஸ்பானரைத் தொடுவதற்கு முன்னால் ஆர்.சி. புக்கை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொரு பக்கமாகப் படியுங்கள். இன்றைய அட்டை மாதிரி இல்லை, அந்தக் காலத்துப் புத்தகத்தில் வண்டியின் முழு ஜாதகமும் இருக்கும். கடைசிப் பக்கம் வரை ஓனர் யார், எந்தத் தேதிவரை புதுப்பித்திருக்கிறது, ஃபைனான்ஸ் முத்திரை இருக்கிறதா, நிறம் என்ன என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

ஃபைனான்ஸ் முத்திரை பலரைக் கவிழ்க்கும். கடன் முப்பது வருடத்துக்கு முன்பே கட்டி முடித்திருப்பார்கள், ஆனால் புக்கில் ஹெச்.பி. (கடனில் வாங்கியது என்ற குறிப்பு) அடித்தது அடித்தபடி இருக்கும். அதை நீக்க ஃபைனான்ஸ்காரர் கையெழுத்துப் போட்ட 35-ம் எண் படிவமும் கடிதமும் வேண்டும். அந்த ஃபைனான்ஸ் கம்பெனியே இன்றைக்கு இல்லை என்றால் அலைச்சல் அதிகம். அதனால்தான் இதை விளம்பரம் கொடுப்பதற்கு முன்பே பார்க்கச் சொல்கிறேன். ஆள் பணத்தோடு வந்து நிற்கும்போது கண்டுபிடிக்கிற விஷயமல்ல இது.

புக் தொலைந்திருந்தால் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் ஆவணம் தொலைந்ததாகப் பதிவு செய்து ரசீது எடுக்கலாம். அதோடு 26-ம் எண் படிவத்தில் நகல் புக் கேட்க வேண்டும்.

அடுத்தது, அந்த எண் கம்ப்யூட்டரில் இருக்கிறதா என்று பார்ப்பது. மத்திய அரசின் பரிவாகன் தளத்திலோ அதன் செயலியிலோ எண்ணைப் போட்டால் விவரம் வர வேண்டும். பழைய மூன்றெழுத்து எண்கள் பல வருவதில்லை. எங்களுடையதும் வரவில்லை. அதற்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பழைய பதிவேட்டைப் பார்த்து விவரத்தை ஏற்ற வேண்டும். பேக்லாக் என்ட்ரி என்பார்கள். எந்த அலுவலகத்தில் பதிந்ததோ அங்கேதான் பதிவேடு இருக்கும். சேலம் மாவட்டத்தில் அலுவலகங்கள் பிரிந்து பிரிந்து பெருகியிருப்பதால், பழைய எண்ணின் பதிவேடு இப்போது எங்கே இருக்கிறது என்று முதலில் கேட்டுவிட்டுப் போங்கள். நான் கேட்காமல் போய் இரண்டு நாள் லீவை வீணாக்கினேன்.

ஓனர் இறந்திருந்தால் வண்டியை முதலில் வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். அதற்கு 31-ம் எண் படிவம், இறப்புச் சான்று, தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகள் ஆட்சேபம் இல்லை என்று எழுதிக் கொடுக்கும் பத்திரம். வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். ஆத்தூரில் இருக்கும் அக்காவிடம் போய் நின்றேன்.

"கையெழுத்துதான, போடறேன். ஆனா அதுக்கு முன்னால வண்டிய ஒரு தடவ பாக்கணும்டா."

அவளை அழைத்துக்கொண்டு மலையேறி, ஷெட்டுக்குள் அரை மணி நேரம் சும்மா நின்றுவிட்டு வந்தோம். பிறகுதான் கையெழுத்து. வீட்டில் இன்னும் பங்காளிகள் இருந்தால் விலை பேசுவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். விலை தெரிந்த பிறகு ஆட்சேபமில்லாதவர்களுக்கும் ஆட்சேபம் வரும்.

பிறகு எஃப்.சி., அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று. சொந்த உபயோக இருசக்கர வண்டியின் பதிவு 15 வருடம் செல்லும். அதன்பின் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும், 25-ம் எண் படிவம். பசுமை வரியும் கட்ட வேண்டும். 15 வருடம் ஆனால் வண்டியை நொறுக்கிவிடுவார்கள் என்று ஒரு பயம் ஊருக்குள் ஓடுகிறது. டெல்லிப் பகுதிக்கென்று வந்த உத்தரவை நம் ஊருக்கும் சேர்த்துப் படித்ததால் வந்த பயம் அது. இங்கே வண்டி சோதனையில் தேறினால் புதுப்பித்துக் கொடுக்கிறார்கள். ஆனால் கட்டணம் வண்டியின் வயதோடு கூடவே ஏறுகிறது, கட்டாமல் விட்ட வருடங்களுக்கு அபராதமும் வரும். நேரில் கேட்டு, மொத்தம் எவ்வளவு என்று எழுதிக்கொண்டு வாருங்கள்.

பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் நிறுத்தும்போது ஹாரன் அடிக்க வேண்டும், விளக்குகள் எரிய வேண்டும், இரண்டு பிரேக்கும் பிடிக்க வேண்டும். இன்சூரன்ஸும் புகைச் சான்றும் கையில் இருக்க வேண்டும். டூ ஸ்ட்ரோக் புகையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 2000 மார்ச் முடிவதற்கு முன் தயாரித்த இருசக்கர வண்டிகளுக்கு அளவு தனி, கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 9,000 பிபிஎம் வரை. கார்புரேட்டரைச் சுத்தம் செய்து, சைலன்சருக்குள் படிந்த கரியை எடுத்தால் சாதாரணமாகத் தேறிவிடும்.

"எஃப்.சி. எடுக்காமலே வித்தா என்ன?" என்று கேட்கலாம். விற்கலாம், நிறையப் பேர் விற்கிறார்கள். பழைய வண்டி வாங்கி விற்கும் கன்சல்டிங்கில் எனக்கு முதலில் சொன்ன விலை 18,000; காகிதம் எல்லாம் நேரான பிறகு அதே வண்டி போனது 62,000-க்கு. நடுவில் செலவு போக நின்றதே பெரிய தொகை.

எண்ணைத் தேடுங்கள், தேய்க்காதீர்கள்

பெயர் மாற்றத்துக்கு சேஸ் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படியெடுத்துக் கொடுக்க வேண்டும். ஹேண்டில் கழுத்துப் பக்கத்திலும் இன்ஜின் ஓட்டிலும் எண்கள் இருக்கும். வண்டிக்கு வண்டி இடம் கொஞ்சம் மாறும். முப்பது வருடத்துப் பெயிண்டும் கிரீஸும் அப்பியிருக்கும். மண்ணெண்ணெயில் நனைத்த துணி, அதற்கும் போகாவிட்டால் பெயிண்ட் ரிமூவர். எமரித் தாளோ கிரைண்டரோ வேண்டவே வேண்டாம். எண்ணின் ஓரம் மழுங்கினால் திருட்டு வண்டி எண்ணை மாற்றி அடித்ததைப் போலத் தெரியும். அதற்குப் பிறகு எவ்வளவு உண்மை சொன்னாலும் யாரும் நம்பமாட்டார்கள்.

இன்ஜின் எண் புக்கோடு ஒத்துப்போகவில்லை என்றால், எப்போதோ யாரோ இன்ஜினை மாற்றிப் போட்டிருக்கிறார்கள். வாங்குகிறவரிடம் முதல் போனிலேயே சொல்லிவிடுங்கள். நிறத்துக்கும் இதுதான். புக்கில் கறுப்பு, நிற்பது சிவப்பு என்றால் அதுவும் கேள்விக்குரியதே.

எதைச் சரிசெய்வது, எதை விடுவது

இங்கேதான் அதிகமான பேர் பணத்தைக் கொட்டிக் கெடுக்கிறார்கள். சேலம் குகைப் பகுதியில் இருக்கும் எங்கள் மெக்கானிக் அண்ணன் வண்டியைப் பார்த்தவுடன் சொன்னது இது: "தம்பி, டேங்குல இருக்கற அந்த பழைய பெயிண்ட தொட்டீன்னா பத்தாயிரம் கொறையும்." அந்த டேங்கில் அப்பாவின் முழங்கால் பட்டுப் பட்டு இரண்டு பக்கமும் தேய்ந்து தகரம் தெரிந்தது. எனக்கு அது அசிங்கமாகப் பட்டது. வாங்க வந்தவர்கள் எல்லோரும் முதலில் கை வைத்துப் பார்த்தது அந்த இடத்தைத்தான்.

காரணம் எளிது. பழைய வண்டியை வாங்குகிறவருக்குப் புதிதாகப் பெயிண்ட் அடித்த வண்டியில் அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாது. பட்டி வைத்து மூடிய ஓட்டையா, நல்ல தகரமா? பழைய பெயிண்ட் பொய் சொல்லாது. ஒரு தடவை பெயிண்ட் அடித்துவிட்டால் கம்பெனி நிறம் திரும்ப வராது. கோடும் எழுத்தும் எவ்வளவு நன்றாக வரைந்தாலும் அது வரைந்ததுதான்.

ஆகவே வெளியே கழுவித் துடைப்பதோடு நிறுத்துங்கள். உள்ளே செய்ய வேண்டியவை வேறு.

வருடக்கணக்கில் நின்ற வண்டியை எடுத்தவுடன் கிக்கரை உதைக்காதீர்கள். பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் 2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கான ஆயில்) விட்டு ஒரு நாள் ஊற விடுங்கள். மறுநாள் பிளக் இல்லாமலே கிக்கரைக் கையால் மெதுவாக அமுக்கிப் பாருங்கள். பிஸ்டன் நகர்ந்தால் நிம்மதி. டேங்கில் இருக்கும் பழைய பெட்ரோலைக் கீழே எடுத்துவிடுங்கள். இன்றைக்கு பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரையும் கார்க்கையும் ஊறவைத்துக் கெடுக்கும். அதனால் பெட்ரோல் டேப்பின் வாஷரையும் குழாயையும் மாற்றிவிடுங்கள், மறுபடி வண்டியை நிறுத்தும்போது கார்புரேட்டரையும் காலி செய்து வையுங்கள். டேங்கின் உள் துருவுக்கு மெக்கானிக் அண்ணன் புளிக்கரைசலை ஊற்றி இரண்டு நாள் வைத்தார். குத்துவிளக்குக்குச் செய்வதுதான், துரு பாதிக்கு மேல் வந்துவிட்டது. ஆனால் அலசிய கையோடு வெயிலில் காய வைத்து உள்ளே ஆயிலைச் சுழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் சாயங்காலமே மறுபடி துரு பிடிக்கும்.

கிராங்க் சீல் மட்டும் தயங்காமல் மாற்றுங்கள். டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் காற்றும் பெட்ரோலும் கிராங்க் அறை வழியாகத்தான் மேலே போகின்றன. காய்ந்து சுருங்கிய சீல் வழியாக வெளிக்காற்று புகுந்தால் பெட்ரோலும், அதில் கலந்த ஆயிலும் போதாமல் பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். வாங்க வந்தவர் ஓட்டிப் பார்க்கும்போது இன்ஜின் சீஸ் ஆனால் அந்த வியாபாரம் அங்கேயே முடிந்தது.

பிரேக் ஷூ, கேபிள்கள், பேட்டரி. டயர் வெடிப்பு விட்டிருந்தால் ஓடுகிற மாதிரி சாதாரண டயர் போதும். ஸ்ப்ராக்கெட்டை மாற்றாதீர்கள், எண்ணெய் டின் தகட்டைக் கழற்றாதீர்கள். காட்டில் ஓடிய அடையாளம் அவைதான். பழைய கண்ணாடி, விரிசல் விட்ட டெயில் லாம்ப், கழற்றிய பாயிண்ட் செட் எதையும் காயலாங்கடைக்குப் போடாமல் ஒரு சாக்கில் போட்டு வையுங்கள்.

மலைக் காற்றும் சேலத்துக் காற்றும்

இதை யாரும் சொல்லித் தருவதில்லை. ஏற்காடு 1,500 மீட்டர் உயரம், சேலம் 300 மீட்டருக்கும் கீழே. மேலே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைவு. அதே கார்புரேட்டர் அதே அளவு பெட்ரோலை விட்டால், மலையில் காற்று குறைந்து பெட்ரோல் கூடிப்போகும். வண்டி கறுப்பாகப் புகைக்கும், பிளக் நனையும். அதனால் மலை மெக்கானிக்குகள் கார்புரேட்டருக்குள் இருக்கும் ஊசியின் கிளிப்பை ஒரு படி மாற்றியோ, பெட்ரோல் வரும் துளையுள்ள ஜெட்டைச் சின்னதாகப் போட்டோ பெட்ரோலைக் குறைத்து வைத்திருப்பார்கள். அப்படி வைத்த வண்டியைச் சேலத்துக்கு இறக்கி, மே மாத வெயிலில், ஐந்து ரோடு சந்திப்பில் ஓட்டிக் காட்டினால் பெட்ரோல் போதாமல் சூடேறும்.

எங்கே காட்டப் போகிறீர்களோ அந்த ஊருக்கு டியூன் செய்யுங்கள். நன்றாக ஓட்டிவிட்டு பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். காப்பிப்பொடி நிறம் இருந்தால் சரி. வெள்ளையாக இருந்தால் பெட்ரோல் குறைவு, கறுப்பாக ஈரமாக இருந்தால் அதிகம்.

இன்னொன்று. பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்றும் வண்டியில் ஆயில் போவது பெட்ரோலோடுதான். இருபது கொண்டை ஊசி வளைவும் கீழ்நோக்கி, ஆக்ஸிலேட்டரை மூடியபடியே இறங்கினால், இன்ஜின் சுற்றிக்கொண்டே இருக்கும், ஆயில் மட்டும் போகாது. அப்பா ஒவ்வொரு வளைவு தாண்டியதும் கிளட்சைப் பிடித்து ஒரு தடவை முறுக்கிவிடுவார். எனக்கு அது அவருடைய ஸ்டைல் என்றுதான் சின்ன வயதில் தோன்றியது. இது தெரியாத ஆளிடம் சாவியைக் கொடுத்து அடிவாரம் வரை அனுப்பாதீர்கள். நான் வண்டியை குட்டி யானையில் ஏற்றித்தான் இறக்கினேன்.

விலை

இணையத்தில் கேட்கும் விலையைப் பார்த்து மயங்க வேண்டாம். கேட்ட விலை வேறு, கைமாறிய விலை வேறு. ஆர்.எக்ஸ். 100-க்கு லட்சத்துக்கு மேல் கேட்கிறார்கள் என்பதால் ராஜ்தூத்துக்கும் அதே கணக்குப் போட முடியாது. மூன்று மெக்கானிக்குகளிடமும் பழைய வண்டி வைத்திருக்கும் இரண்டு பேரிடமும் "நீங்க என்ன வெலைக்கு வாங்குவீங்க?" என்று கேளுங்கள். "என்ன வெலை போகும்?" என்று கேட்டால் உங்கள் மனம் குளிர ஏதாவது சொல்வார்கள்.

பிரித்துப் பாகமாக விற்றால் கூட வரும் என்று ஒருவர் ஆசை காட்டினார். வரலாம். ஆனால் புக்கை மட்டும் தனியாகக் கேட்டால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடுங்கள். நேரான புக்கை வாங்கித் திருட்டு வண்டியை அதில் நுழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். பிடிபடும்போது முதல் பெயர் உங்களுடையது.

ஆடியில் விளம்பரம் கொடுக்காதீர்கள். பகுத்தறிவு பேசுகிறவர்கள்கூட ஆடியில் வண்டிக்கு அட்வான்ஸ் கொடுப்பதில்லை. ஆவணி முதல் வாரத்தில் போன் அடிக்கத் தொடங்கும்.

படமும் விளம்பரமும்

படத்தைக் காலையில், சாய்ந்த வெளிச்சத்தில் எடுங்கள். ஏற்காட்டின் லேடீஸ் சீட் பார்வைமுனையில், பின்னால் பள்ளத்தாக்கு தெரிய எடுக்கும் படத்தில் வண்டி தெரியாது. ஷெட் வாசலே நல்ல இடம். இரண்டு பக்கம், முன், பின், இன்ஜின் கிட்டத்தில், டேங்கின் உள்ளே டார்ச் அடித்து, அடிப்பாகம், ஒவ்வொரு சிராய்ப்பும் தனித்தனியாக. ஒரு வீடியோ கட்டாயம்: முதலில் கையை இன்ஜின் மேல் வைத்து அது குளிர்ந்திருப்பதைக் காட்டிவிட்டு, வெட்டாமல் ஒரே படமாக ஸ்டார்ட் செய்வது. எத்தனை உதை பிடித்தாலும் அப்படியே விடுங்கள். எங்களுக்கு ஐந்து.

எழுதும்போது குறையை முதலில் எழுதுங்கள். "ஸ்பீடாமீட்டர் ஓடாது. மூன்றாவது கியரில் சத்தம் உண்டு. இடது மட்கார்டு ஒட்டு." இப்படி எழுதியதால் எனக்கு வந்த போன்கள் குறைவுதான், ஆனால் வந்தவர்கள் விஷயம் தெரிந்தவர்கள். புக்கின் படத்தையும் உங்கள் அடையாள அட்டையையும் எல்லோருக்கும் அனுப்பாதீர்கள். நேரில் வருகிறவர் நேரில் பார்க்கட்டும்.

விளம்பரம் போட்ட மூன்றாவது மணி நேரத்தில் "ராணுவத்தில் இருக்கிறேன், வண்டியைப் பார்க்கத் தேவையில்லை, பணம் அனுப்ப க்யூஆர் அனுப்புகிறேன், ஸ்கேன் செய்யுங்கள்" என்று ஒருவர் வருவார். பணம் வாங்குவதற்கு ஸ்கேன் செய்யவோ பின் எண் போடவோ தேவையே இல்லை. போட்டால் உங்கள் பணம் போகும். ஏமாந்துவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள்.

வருகிறவர்கள்

கன்சல்டிங்காரர் வருவார். அவருக்கு வண்டி சரக்கு. வண்டியைச் சுற்றிவந்து குறைகளை மட்டும் எண்ணுவார். கோபப்படத் தேவையில்லை, அது அவர் தொழில். கல்லூரிப் பையன்கள் வந்து படம் எடுத்துக்கொண்டு போவார்கள். பழுதுபார்த்துச் சேர்த்து வைக்கிறவர் வந்தால் பேசமாட்டார், குனிந்து எண்ணைத்தான் முதலில் பார்ப்பார். இன்னொரு வகை, அப்பாவோ மாமாவோ இதே வண்டி வைத்திருந்தவர்கள். இவர்கள் சீட்டில் உட்கார்ந்தவுடன் விலை பாதி படிந்துவிடும். எங்களுடையதை வாங்கியவர் ஓமலூர் பக்கத்துக்காரர், அவர் அப்பா ராஜ்தூத்தில் பால் கொண்டுபோனவராம்.

ஓட்டிப் பார்க்கக் கேட்டால் லைசென்ஸ் அசலை வாங்கி வைத்துக்கொண்டு, பின்னால் நீங்களும் உட்காருங்கள். நம்பிக்கை இல்லாமல் இல்லை, இந்த வண்டியின் கியரும் பிரேக்கும் இன்றைய வண்டி ஓட்டிப் பழகிய காலுக்குப் பிடிபடாது.

கைமாற்றும் நாள்

வங்கி நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கணக்கில் பணம் ஏறியதை உங்கள் வங்கிச் செயலியில் நீங்களே பார்த்த பிறகுதான் சாவி. அவர் காட்டும் ஸ்க்ரீன்ஷாட் கணக்கில் சேராது.

29-ம் எண் படிவம் விற்கிறவர் கொடுக்கும் அறிவிப்பு, 30-ம் எண் படிவம் பெயர் மாற்ற விண்ணப்பம். இரண்டிலும் எல்லா வரியையும் நிரப்பிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். "நீங்க கையெழுத்து மட்டும் போட்டுக் குடுங்க, பேர நாங்க எழுதிக்கறோம்" என்று சொன்னால் வண்டி இன்னும் எத்தனை கை மாறப்போகிறது என்று யாருக்கும் தெரியாது. என் மாமா இப்படி ஒரு மொபெட்டைக் கொடுத்துவிட்டு, இரண்டு வருடம் கழித்து எங்கோ நடந்த விபத்துக்காக ஸ்டேஷனுக்கு நடந்தார். சட்டமும் அவர் பக்கம் இல்லை. நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: வண்டியை விற்றிருந்தாலும், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் ஓனர், நஷ்ட ஈட்டுப் பொறுப்பும் அவருக்கே.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-வது பிரிவுப்படி மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் விற்றவர் தெரிவிக்க வேண்டும், வாங்கியவருக்கு 30 நாள். நான் 14 நாள் காத்திருக்கவில்லை. அன்றைக்கே அவரோடு சேர்ந்து இணையத்தில் விண்ணப்பம் போட்டு, என் போனுக்கு வந்த ஓடிபியை நானே அடித்து, ரசீதை எடுத்துக்கொண்டேன். பெங்களூருக்குப் போகிற வண்டி என்றால் 28-ம் எண் படிவத்தில் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) எடுத்த பிறகுதான் அனுப்ப வேண்டும். அங்கே கட்ட வேண்டிய வரி வாங்குகிறவர் பாடு என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

டெலிவரி நோட் இரண்டு பிரதி. தேதி, மணி, எண்கள், தொகை, "இன்ன இன்ன குறைகளைப் பார்த்து, உள்ளது உள்ளபடி வாங்கிக்கொண்டேன்" என்ற வரி, இரண்டு சாட்சி. மணி எழுதுவதை விட்டுவிடாதீர்கள். காலை பதினொன்றரைக்குக் கொடுத்த வண்டி பன்னிரண்டுக்கு யாரையாவது இடித்தால், அந்த அரைமணி நேரத்துக்கு உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அதுதான். வாங்கியவரின் ஆதார் நகலில் இலக்கங்களை மறைத்த பிரதி போதும். வண்டியோடு அவரை நிறுத்தி ஒரு படமும் எடுத்து வையுங்கள்.

இன்சூரன்ஸைத் தன் பெயருக்கு மாற்ற வாங்கியவர் 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுத வேண்டும். அதையும் அன்றைக்கே செய்ய வைப்பது நல்லது.

குட்டி யானையில் ஏற்றும்போது வண்டியை ஹேண்டிலில் கயிறு போட்டு இழுத்துக் கட்டுவார்கள். டேங்கைச் சுற்றிக் கட்ட விடாதீர்கள், குறுக்கே ஒரு பழைய போர்வையைக் கொடுங்கள். சாக்கில் சேர்த்த பாகங்கள், டூல்ஸ் பை, மாற்றுச் சாவி எல்லாவற்றையும் அதிலேயே ஏற்றிவிடுங்கள். பெட்ரோலுக்கு ஆயில் எவ்வளவு கலந்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். நாங்கள் லிட்டருக்கு 40 மில்லி.

நான் அந்தத் தாளில் ஒன்றை விட்டுவிட்டேன். பெயர் மாறிவிட்டதாக மெசேஜ் வந்து பத்து நாள் இருக்கும், ராத்திரி எட்டு மணிக்கு அவரிடமிருந்து போன். கருப்பூர் பக்கம் ரோட்டோரம் நிற்கிறாராம்.

"அண்ணா, பெட்ரோல் தீந்துருச்சு போல. இந்த டேப்ப எந்தப் பக்கம் திருப்புனா ரிசர்வு?"